கதையில் வருகிறவர்களுக்கும் ஒரு நியாயம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கதை எழுத வருகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கதாபாத்திரத்தை உருவாக்க ஒரு கேள்விப் பட்டியல் கொடுத்திருந்தீர்கள். வயது, உயரம், படிப்பு, பிடித்த நிறம், பிடித்த பாட்டு, எதைக் கண்டால் பயம், சிறு வயதில் மனதில் பட்ட காயம் என்று போகிறது அந்தப் பட்டியல். இதையெல்லாம் நிரப்பிவிட்டால் ஆள் உயிரோடு எழுந்து வந்துவிடுவார் என்பதுபோலக் கட்டுரை முடிந்திருந்தது. எழுத வருகிறவர்களுக்காக ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் மனதார நன்றி. ஆனால் அந்தப் பட்டியலை நம்பி ஒருவர் எழுத உட்கார்ந்தால் கடைசியில் அவர் கையில் ஒரு பயோடேட்டா இருக்குமே தவிர ஆள் இருக்க மாட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள், நடுவில் வரும் அக்கா தம்பி உதாரணத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

ஒரு சிற்றிதழுக்கு வரும் சிறுகதைகளை முதலில் படித்து, ஆசிரியர் குழுவுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பிரிக்கிற வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். மொழி நன்றாக இருக்கும், சம்பவம் புதிதாக இருக்கும், முடிவும் யோசித்து வைத்த முடிவாகவே இருக்கும், ஆனாலும் கதை நிற்காது. ஏன் நிற்கவில்லை என்று திரும்பப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கதையில் வருகிறவர்கள் எழுதியவர் சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு காரணம் கிடையாது. கொடுமைக்காரர் முதல் வரியிலிருந்து கொடுமை செய்கிறார், தியாகி கடைசி வரி வரை தியாகம் மட்டுமே செய்கிறார், உயிர் நண்பன் நடுக்கதையில் திடீரென்று துரோகம் செய்கிறான், ஏனென்றால் கதைக்கு அந்த இடத்தில் ஒரு துரோகம் தேவைப்படுகிறது. இவர்கள் எல்லோருக்குமே பிடித்த நிறமும் பிடித்த பாட்டும் எழுதப்பட்டிருக்கும், அதில் குறையே இருக்காது.

என் அனுபவத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். அவருக்கு இப்போது என்ன வேண்டும், அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுப்பார், எதை மட்டும் விடமாட்டார், தான் செய்வது சரிதான் என்று தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்கிறார். இதில் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. தப்பு செய்கிறவர் யாரும் ‘நான் இப்போது தப்பு செய்யப் போகிறேன்’ என்று நினைத்துக்கொண்டு செய்வதில்லை. அவருக்குள் ஒரு வழக்கு நடந்து, அவர் பக்கம் தீர்ப்பாகி, அதற்கு அப்புறம்தான் கையை நீட்டுகிறார். அந்த வழக்கில் அவர் தரப்பு வாதம் என்ன என்று தெரியாமல் எழுதினால் வாசகருக்கு அவர் பொம்மையாகத்தான் தெரிவார்.

அடிக்கடி வருகிற கதை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். அக்கா கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். வெளியூரில் வசதியாக இருக்கும் தம்பி ரொம்ப நாள் கழித்து வருகிறான், நாலு நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அக்கா தெய்வம், தம்பி சுயநலக்காரன், கதை முடிந்தது. இதே மூன்று பேரை வைத்துக்கொண்டு, நடப்பதை எதுவும் மாற்றாமல், அவரவர் நியாயத்தை மட்டும் தேடிப் பார்க்கலாம்.

தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. ஜன்னல் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று பார்க்கிறான், ஸ்க்ரூடிரைவர் எங்கே என்று கேட்கிறான். அப்புறம் குளியலறைக் குழாய். அப்புறம் டாக்டருக்கு போன். மத்தியானத்துக்குள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் எல்லாமே அவன் கண்ணில் பட்டுவிடுகிறது, அம்மாவின் முகத்தை மட்டும் அவன் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. எட்ட நின்று பார்த்தால் கல்நெஞ்சக்காரன். அவன் பக்கத்தில் போய் நின்று பார்த்தால், சரிசெய்யவே முடியாத ஒன்றின் எதிரில் சும்மா உட்கார அவனால் ஆகவில்லை, கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் அந்த அறைக்குள் அவனால் நடமாட முடிகிறது. அவனைக் கேட்டால், வந்த நாலு நாளில் நான் எவ்வளவு செய்தேன் தெரியுமா என்றுதான் சொல்வான், அது பொய்யும் அல்ல.

இப்போது அக்கா. காலையில் எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால் எது, பின்னால் எது, எதைப் பாதியாக உடைக்க வேண்டும், எல்லாம் அவள் தலைக்குள்தான் இருக்கிறது. ஒரு துண்டுத் தாளில்கூட எழுதி வைக்கவில்லை. தம்பி கேட்கிறான்.

“ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிடேன்க்கா. யார் வேணா எடுத்துக் குடுக்கலாம்ல.”

“குடுக்கறதுக்கு இங்க யாரு வரிசையில நிக்கறாங்க?”

“இல்ல, ஒரு நாள் உனக்கு முடியலன்னா...”

“எனக்கு முடியாமல்லாம் போகாது. நீ அந்தக் கொக்கியப் பாரு.”

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. எழுதி ஒட்டிவிட்டால் அந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். தன் வயதையெல்லாம் கொடுத்து அவள் சம்பாதித்தது, அம்மாவுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்கிற அந்த ஒரே இடம். அதை ஒரு தாளில் எழுதிப் பொதுவாக்க அவளுக்கு மனம் வரவில்லை. இது அவளுக்கே தெரியாது, யாராவது எடுத்துச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். இந்த மாத்திரைத் தாள் கதைக்குள் வந்தவுடன் அவள் தெய்வ பீடத்திலிருந்து இறங்கி மனுஷியாகிவிடுகிறாள், அவள் மேல் இருந்த மரியாதையும் ஒரு துளி குறையவில்லை.

இனி இவர்களை நகர முடியாத ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு ராத்திரி அக்காவுக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம். தம்பி பேனாவும் தாளுமாக அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறான். வேறு வழியில்லாமல் அவள் படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்கிறாள், அவன் எழுதிக்கொள்கிறான். கடைசி ஒன்று பாக்கி இருக்கும்போது, “அத விடு, விடியக்காலைல குடுக்கறது, அத நானே எழுந்து குடுத்துக்கறேன்” என்கிறாள். அவன் எதுவும் கேட்காமல் பேனாவை மூடுகிறான். அவர்கள் இருவரையும் பற்றி நாம் ஒரு வார்த்தை விளக்கம்கூட எழுத வேண்டியதில்லை. இவர்களுடைய வயதோ உயரமோ நமக்கு இன்னும் தெரியாது, தேவையும் படவில்லை.

இப்படி யோசிப்பது நமக்கு இயல்பாக வராததற்கு மனவியலில் ஒரு பதில் இருக்கிறது. 1967ஆம் ஆண்டில் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது என்று தெரிவித்த பிறகும்கூட, ஆதரித்து எழுதியவர் மனதுக்குள்ளும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். பத்து வருடம் கழித்து, 1977இல், லீ ராஸ் என்ற உளவியலாளர் இந்தப் போக்குக்கு ஒரு பெயரே வைத்து விளக்கினார். இன்னொருவர் செய்வதைப் பார்க்கும்போது அவர் குணம் அப்படி என்கிறோம், அவரைச் சுற்றி என்ன நெருக்கடி என்று பார்ப்பதில்லை. நாம் தாமதமாகப் போனால் வழியில் நெரிசல், இன்னொருவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர்.

கதை எழுதுகிறவரும் மனிதர்தானே. தன் சாயலில் உருவான நாயகனுக்குச் சூழ்நிலை, நெருக்கடி, பழைய கதை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, சுற்றியிருக்கிறவர்களுக்குக் குணத்தை மட்டும் கொடுத்துவிடுகிறார். எங்களுக்கு வரும் கதைகளில் நாயகன் ஒருவன் மட்டும் மூச்சு விடுவதும் மற்றவர்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவர்களாக நிற்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். இதற்கு நான் புதியவர்களிடம் சொல்கிற பயிற்சி ஒன்றுதான். கதையில் உங்களுக்கு யாரை அறவே பிடிக்கவில்லையோ அவர் ‘நான்’ என்று பேசுவதுபோல அதே சம்பவத்தை ஒரு பக்கம் எழுதுங்கள், அவர் தோற்கக் கூடாது, படிக்கிறவர் ஒரு கணமாவது அட ஆமாம் என்று நினைக்க வேண்டும். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டுவிடலாம், கதைக்குள் அது வர வேண்டியதே இல்லை. ஆனால் திரும்பி வந்து கதையைத் தொட்டால், அவர் பேசுகிற வசனம் முன்பு மாதிரி இருக்காது.

நம்மிடமே இதற்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது, உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரிவதைப் பற்றித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் வரும் மெய்ப்பாட்டியல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு நாம் அதை மறந்துவிட்டோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்வதோடு அது நிற்கவில்லை, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் கேவலமாக நடத்தியதால் வருவது, இழந்ததால் வருவது, முன்பிருந்த நிலை குலைந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. ‘அவள் கண்கள் கலங்கின’ என்று எழுதுகிறவர் இந்த நான்கில் எது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், அடுத்த வரி தானாக மாறிவிடும். இழந்து அழுகிறவர், யாராவது தோளைத் தொட்டால் சாய்ந்துகொள்வார். அவமானப்பட்டு அழுகிறவர் தொட்ட கையைத் தட்டிவிடுவார், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்பார். நிலை குலைந்தவர் அழுதுகொண்டே பழைய நாட்களைப் பேச ஆரம்பிப்பார். அச்சத்துக்கும் இப்படித்தான், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று நான்கு. திருடனைக் கண்டு பயந்தவர் ஓடுவார் அல்லது கத்துவார், தனக்கு மேலே இருப்பவரைக் கண்டு பயந்தவர் சிரித்த முகத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இரண்டுக்கும் ‘பயந்தான்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்தால் அந்த ஆளை நாம் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் தன் அண்ணன் அலெக்சாண்டருக்கு எழுதிய கடிதத்திலும் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பாத்திரங்களின் மனநிலையை நேரடியாக விவரிக்காமல் இருப்பது நல்லது, அவர்கள் செய்வதிலிருந்தே அது விளங்க வேண்டும் என்பார். இதைப் பிடித்துக்கொண்டு ‘சொல்லாதே, காட்டு’ என்று எல்லாப் பயிலரங்குகளிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் விளைவு என்னவென்றால் இப்போது வரும் கதைகளில் கோபம் வந்த எல்லோரும் முஷ்டியை இறுக்குகிறார்கள், வருத்தம் வந்த எல்லோரும் உதட்டைக் கடிக்கிறார்கள், பதற்றம் வந்தால் விரல் நகம். யாருக்கும் பொருந்துகிற ஒரு செய்கை யாரையும் காட்டாது. ‘கோபப்பட்டான்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவது அதைவிட மேல். காட்டுவதானால் இந்த ஆள், இந்த வீட்டில், இந்தக் கோபத்தில் மட்டும் செய்யக்கூடிய ஒன்றைக் காட்ட வேண்டும், அதைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கத்தான் செய்யும்.

கதையைத் திருப்பி அனுப்பும்போது அடிக்கடி வரும் பதில் ஒன்று உண்டு. நம்ப முடியவில்லை என்று எழுதினால், “இது உண்மையாகவே நடந்தது, எனக்குத் தெரிந்தவர்தான் அவர்” என்பார்கள். நடந்திருக்கும், நான் சந்தேகப்படவில்லை. கிரேக்கத் தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ என்ற நூலில் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார், நடக்கக்கூடியதாக இருந்தும் நம்ப முடியாமல் இருப்பதை விட, நடக்கவே முடியாததாக இருந்தும் நம்பும்படி இருப்பது மேல் என்ற பொருளில். வாழ்க்கையில் ஒருவர் காரணமே தெரியாமல் வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாம், நாமும் பேசிவிட்டு மறந்துவிடுவோம். கதையில் அவரை நமக்கு அறிமுகப்படுத்தியவர் எழுத்தாளர், அதனால் அவரிடம்தான் காரணம் கேட்போம். அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லவில்லை, எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் போதும். அதே நூலில், முன்னுக்குப் பின் முரணாக நடக்கிற ஆளை எழுதினாலும் அந்த முரண் அவருக்குள் சீராக ஓட வேண்டும் என்கிறார். கஞ்சனாக வாழ்ந்தவர் ஒரு நாள் வாரிக் கொடுக்கிறார் என்றால், அந்தக் கஞ்சத்தனமும் அந்தக் கொடையும் ஒரே வேரிலிருந்து வந்திருக்க வேண்டும். அவர் ஒருகாலத்தில் கையேந்தி நின்றவர் என்று வையுங்கள், இரண்டுமே புரிந்துவிடுகிறது. கடைசிப் பத்தியில் ஒரே அழுகையில் திருந்திவிடுகிற கொடுமைக்காரர்கள் நம்மை ஏமாற்றுவது இந்த வேர் இல்லாததால்தான், இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

தெரிந்தவர்களை அப்படியே எழுதுவது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சார்லஸ் டிக்கன்ஸ் 1849–50இல் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தபோது, மிஸ் மௌச்சர் என்றொரு குள்ளமான பெண்ணைக் கொண்டுவந்தார், தீய காரியத்துக்குத் துணை போகிறவளாக அவளை வளர்ப்பதுதான் அவர் திட்டம். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் அதே உடலமைப்பும் அதே மாதிரித் தொழிலும் உள்ள ஒரு பெண்மணி இருந்தார். அவர் அந்த அத்தியாயத்தைப் படித்து மனம் நொந்து டிக்கன்ஸுக்கே எழுதினார். அந்தப் பெண்மணியைப் பார்த்துத்தான் ஓரளவு எழுதினேன் என்று டிக்கன்ஸ் ஒத்துக்கொண்டார், அடுத்து அந்தப் பாத்திரம் வரும் இடத்தில் அவளை நல்லவளாக மாற்றிவிட்டார். திரும்பி வரும் மிஸ் மௌச்சர், உடம்பில் குறை இருந்தால் மனதிலும் குறை இருக்கும் என்று நினைக்காதீர்கள் என்று பேசுகிறாள், அவளுக்கென்று ஒரு வலியும் ஒரு மானமும் அப்போதுதான் வருகின்றன. வந்த வேகத்தில் பழைய மௌச்சரும் புதிய மௌச்சரும் முழுதாக ஒட்டவில்லை என்பது உண்மை. ஆனால் எனக்கு இந்தச் செய்தி ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அவ்வளவு பெரிய எழுத்தாளர் ஒரு பெண்ணை வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து எழுதியபோது, அந்தத் தோற்றத்துக்குள் வாழ்கிறவர் வந்து கதவைத் தட்டி என் பக்கம் என்ன என்று கேட்கவில்லையே என்று சொல்ல வேண்டியிருந்தது. நம் கதைகளில் வருகிற பெரும்பாலானவர்கள் அப்படி வந்து தட்டப்போவதில்லை, நாமாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. தெரிந்தவரிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுங்கள், ஒரு பயத்தை எடுங்கள், அதை முற்றிலும் வேறு ஒருவர் வாழ்க்கையில் கொண்டுபோய் வையுங்கள். ஆளை அப்படியே தூக்கி வைத்தால் அவருக்கும் காயம், கதைக்கும் நன்மையில்லை, ஏனென்றால் அவர் நிஜத்தில் செய்யாததைக் கதையில் செய்யவிட நமக்குத் தைரியம் வராது.

சின்னப் பாத்திரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஆழம் கொடுக்க முடியாதே என்று. கொடுக்க வேண்டாம். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றிப் பேசிய சொற்பொழிவுகளில்தான் ஒரே குணத்தைச் சுற்றி அமைந்த தட்டையான பாத்திரம், பல பக்கங்கள் உள்ள உருண்டையான பாத்திரம் என்ற பிரிவைச் சொன்னார். பலர் அதைப் பாதி மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தட்டையான பாத்திரத்தை அவர் ஒதுக்கவில்லை, வந்ததும் அடையாளம் தெரியும், படித்த பிறகும் மனதில் நிற்கும் என்று அதன் பயனையும் சொல்லியிருக்கிறார். உருண்டையானதற்கு அவர் வைத்த சோதனை, அது நம்மை நம்பும்படியாக வியக்க வைக்கிறதா என்பது. வியக்கவே வைக்காவிட்டால் தட்டை, வியக்க வைத்தும் நம்ப முடியாவிட்டால் உருண்டை போல வேஷம் போடும் தட்டை. அதனால் இரண்டு நிமிடம் வந்து போகிறவருக்குப் பின்கதை தேவையில்லை, அவருக்கென்று ஒரு அவசரம் இருந்தால் போதும். மேலே சொன்ன வீட்டுக்கு அம்மாவுக்கு ஊசி போட ஒரு நர்ஸ் வருகிறார் என்றால், அவர் அக்காவின் அருமையை எடுத்துச் சொல்வதற்காக வரக் கூடாது. அவருக்கு அடுத்த வீட்டில் இன்னொரு நோயாளி காத்திருக்கிறார், கண் கடிகாரத்தின் மேல் இருக்கிறது, அக்கா அழ ஆரம்பிக்கும்போது அவர் பையை மூடிக்கொண்டிருக்கிறார். அந்த நர்ஸைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

வசனத்துக்கு வருகிறேன். வட்டார வழக்கைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாத்திரம் வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருக்கிறது. காது நன்றாக இருப்பது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஊரில் ஒரே வழக்கில் பேசும் இரண்டு பேரில் ஒருவர் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வார், இன்னொருவர் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், அந்த வித்தியாசத்தில்தான் ஆள் இருக்கிறார். அக்கா தம்பி பேச்சைத் திரும்பப் பாருங்கள், அவன் கேட்டது தாளைப் பற்றி, அவள் பதில் சொன்னது அவன் இல்லாமல் போன வருடங்களைப் பற்றி. தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர் எந்த வரியில் நீ என்று மாறுகிறார், தனியாக இருக்கும்போது ஒருமையில் பேசுகிறவர் யார் முன்னால் மட்டும் மரியாதை கொடுக்கிறார் என்பதை வைத்தே ஒரு உறவு முழுவதையும் சொல்லிவிடலாம். வரும் கதைகளில் இது பெரும்பாலும் கவனப் பிசகாக மாறுகிறதே தவிர, யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. வசனத்தை எழுதியதும் பேசுகிறவர் பெயரை மறைத்துவிட்டு வாசித்துப் பார்ப்பது நல்ல வழி, யார் பேசுவது என்று தெரியவில்லை என்றால் எல்லோரும் எழுதியவர் குரலிலேயே பேசுகிறார்கள்.

பாத்திரங்கள் தாமாகவே பேச ஆரம்பித்துவிட்டன, நான் எழுதிக்கொண்டு மட்டும் போனேன் என்று எழுத்தாளர்கள் பேட்டிகளில் சொல்லும்போது பெருமைக்குச் சொல்கிறார்கள் என்று சிலர் நினைப்பார்கள். அமெரிக்காவில் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 50 புனைகதை எழுத்தாளர்களிடம் பேசி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 92 சதவீதம் பேர் ஏதோ ஒரு அளவில் இந்த அனுபவம் தங்களுக்கு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள், எழுத்து அச்சில் வந்தவர்களிடம் அது இன்னும் அழுத்தமாக இருந்திருக்கிறது. புதியவர்கள் இதைக் கேட்டுவிட்டு, தங்களுக்குள் யாரும் பேசவில்லையே என்று மனம் தளர்ந்து போகிறார்கள். தளர வேண்டாம். ஒரு மனிதரோடு நீண்ட நாள் பழகினால் அவர் இதற்கு என்ன சொல்வார் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதல்லவா, அதே பழக்கம்தான் இதுவும். பக்கம் பக்கமாக எழுதி, வீணாக்கி, அந்த ஆள் இன்ன இடத்தில் இன்னதைச் செய்ய மாட்டார் என்று ஒரு நாள் கை தயங்கும். அந்தத் தயக்கம் வந்தால் கதைத் திட்டத்தை மாற்றுங்கள், ஆளை மாற்றாதீர்கள். இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், திட்டத்தை மாற்றுகிறவர்கள் வெகு சிலர்தான், ஏனென்றால் யோசித்து வைத்த அந்த முடிவின் மேல் அவ்வளவு ஆசை.

உங்கள் பட்டியலை அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நீளமான நாவல் எழுதுகிறவருக்கு, மூன்றாவது அத்தியாயத்தில் இடது கையால் எழுதியவர் முப்பதாவது அத்தியாயத்தில் வலது கையால் எழுதாமல் இருக்க அது உதவும். அந்த அளவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கோரிக்கை. அடுத்த முறை இந்தப் பக்கத்தை வெளியிடும்போது, அறிவுரைக் கட்டுரைக்குப் பதிலாக, ஏதாவது ஒரு எழுத்தாளரின் சம்மதத்தோடு அவருடைய ஒரு சிறுகதையிலிருந்து ஒரே காட்சியின் முதல் வரைவையும் அச்சுக்குப் போன வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எந்த வசனம் போயிற்று, யாருக்குப் புதிதாக ஒரு காரணம் வந்தது, எந்த விளக்கத்தை வெட்டினார் என்று அவரையே ஓரத்தில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். எழுதிப் பழகுகிறவர்களுக்கு இப்படியொன்று கண்ணால் பார்க்கக் கிடைப்பதே இல்லை. முடிந்த கதையைத்தான் படிக்கிறார்கள், அது அப்படியே பிறந்தது என்று நினைத்துக்கொண்டு தங்கள் முதல் வரைவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நாலைந்து வாரம் தொடர்ந்து வெளியிட்டால் இன்னும் நல்லது. எங்கள் சிற்றிதழிலும் சம்மதிக்கக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள், நீங்கள் கேட்டால் அவர்களிடம் பேசி வரைவுகளை வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி